பின்பாரம் ஏறிய பாய்மரப் படகு

அரியலூர் பக்கம் நான் ஏற்றாத சரக்கு கிடையாது. இதைத் தற்பெருமை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம் (என் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்). குவாரியில் கல் உடைக்கிற எந்திரம், சிமென்ட் ஆலைக்கு வந்த வீட்டளவு இரும்பு உருளை, டிரான்ஸ்பார்மர், தேர்ச் சக்கரம், ஒரு முறை காய்ச்சல் கண்ட யானை, எல்லாம் என் வண்டியில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் கீறல் படாமல் இறங்கியிருக்கின்றன. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசி ஆறு மாதம், பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லிவிட்டு அடுத்தவர் மாட்டு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத வீட்டில் பிறந்து, மூன்று டிராக்டர், இரண்டு லாரி, ஒரு கிரேன் என்று ஆளானவன் நான். அப்பேர்ப்பட்ட என்னை ஒரு படகு கவிழ்த்தது.

அரியலூரில் ஏது படகு என்று கேட்பீர்கள். கடற்படையிலிருந்து ஓய்வு பெற்று, இங்கே ஓர் ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக வந்து சேர்ந்தவர் ஒருவர் இருந்தார். எல்லாரும் ‘கேப்டன் சார்’ என்போம். கல் எடுத்து முடித்துக் கைவிட்ட சுண்ணாம்புக் குவாரி ஒன்றில் மழைத் தண்ணீர் தேங்கி, பச்சைப் பசேல் என்று ஏரி மாதிரி நின்றது. ஆழம் எவ்வளவு என்று யாரும் இறங்கி அளந்ததில்லை. அதில் தன் சொந்தப் பாய்மரப் படகை விட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் தனியாகப் போய் வருவார். (ஆடு மேய்க்கிறவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். கொஞ்ச நாளில் ஆடுகளே பார்ப்பதை நிறுத்திவிட்டன.) 2004-இல் அவர் வேலை முடிந்து தூத்துக்குடிக்குக் கிளம்பினார். படகும் போக வேண்டும். அதற்கென்றே செய்த டிரெய்லர் ஒன்றும் அவரிடம் இருந்தது. படகைத் தண்ணீரிலிருந்து எடுத்து அந்த டிரெய்லரில் ஏற்றித் தரும் வேலை, சொல்லவா வேண்டும், என்னைத் தேடி வந்தது.

கேப்டன் சார் டிரெய்லரைக் காட்டி எனக்கு விளக்கினார். “இது நம்ம பரிசல் மாதிரி தட்டை அடி கிடையாது. மீனுக்கு அடியில துடுப்பு இருக்குமே, அந்த மாதிரி இதுக்குக் கீழே ஒரு இரும்புத் துடுப்பு இறங்கியிருக்கு. கீல்னு பேரு. படகோட எடையில பெரும்பங்கு அதுலதான். டிரெய்லர்ல ஏறினா எடை மொத்தமும் அந்த இரும்பு வழியா இந்த நடுப்பலகையில உக்காரணும். ரெண்டு பக்கமும் இருக்கிற இந்த நாலு கட்டையும் படகு சாயாம அணைச்சுப் பிடிக்க மட்டும்தான். மொதல்ல கட்டைகளை நல்லாத் தள்ளி வச்சிருக்கணும். படகு மிதந்து உள்ள வந்து, அதோட மூக்கு இந்த முன்கம்பத்துல முட்டணும். அதுக்கப்புறம்தான்...”

“தெரியும் சார்” என்றேன்.

எதையும் யாரும் சொல்லி முடிக்கும் முன்பே ‘தெரியும்’ என்று சொல்லித்தான் நான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

படகு ஏற்றுவது ஞாயிற்றுக்கிழமை காலை என்று முடிவு. முந்தின நாள் சாயங்காலம் டிரெய்லரைக் குவாரிக்கு இழுத்துக்கொண்டு போனபோது அந்த நாலு கட்டையும் லொடலொட என்று ஆடின. என் தொழிலில் வண்டியில் ஒரு பொருள் ஆடுகிறது என்றால் அது எனக்கு அவமானம். ஸ்பானரை எடுத்து, நாலையும் உள்பக்கமாகத் திருகி, ஆள் ஏறி மிதித்தாலும் அசையாதபடி இறுக்கிவிட்டேன். இறுக்கிவிட்டு அழகு பார்த்தேன்.

இப்போது என் மகள் மலர்க்கொடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பி.எட். முடித்துப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வந்த இரண்டு நல்ல வரன்கள் என் வாயாலேயே கெட்டுப்போயிருந்தன. முதல் பையனின் அப்பாவிடம், “உங்க வீட்டை அப்படியே பேத்து என் டிரெய்லர்ல வச்சுக் கொண்டாந்துடுவேங்க” என்றேன். நகைச்சுவையாகத்தான் சொன்னேன். இரண்டாவது பையன் பேங்கில் வேலை. அவன் சம்பளம் என் டிரைவர் பேட்டாவுக்குக் காணாது என்றேன். (அதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை.) இரண்டு வீட்டாரும் “யோசிச்சு சொல்றோங்க” என்று எழுந்து போனவர்கள்தான். மூன்றாவது வந்தது வேப்பந்தட்டை இடம். பையனின் அப்பா ஓய்வு பெற்ற வாத்தியார். பையனை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து, மலர்க்கொடி தானாகவே வாயைத் திறந்து “எனக்குப் பிடிச்சிருக்குப்பா” என்று சொன்ன ஒரே இடம் அதுதான்.

வாத்தியாரும் அவர் மனைவியும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடு பார்க்க வருவதாகப் பேச்சு. ஆனால் அன்று காலையிலேயே கல்லங்குறிச்சிப் பெருமாளைச் சேவித்துவிட்டு, இவ்வளவு தூரம் வந்தோமே என்று நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நான் குவாரிக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன்.

மலர்க்கொடி என்னை உள்ளே இழுத்து மெதுவாகச் சொன்னாள்: “அப்பா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிங்கப்பா. இதுவும் போச்சுன்னா நான் இனிமே யாரு முன்னாடியும் வந்து நிக்க மாட்டேன்.”

அவள் கண்ணைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. “வாயே தொறக்க மாட்டேன்மா” என்று சத்தியம் செய்தேன். கூடத்துக்கு வந்தேன். வாத்தியார் காபியை ஆற்றிக்கொண்டே, “சாருக்கு என்ன தொழில்னு முழுசாத் தெரியலையே” என்றார்.

“கேட்டா என்னங்க தெரியும்? வாங்க, நேர்லயே பாருங்க” என்றேன்.

உள்ளே பாத்திரம் ஒன்று விழும் சத்தம் கேட்டது.

குவாரிக்குள் அந்தக் காலத்தில் கல் லாரி இறங்குவதற்குப் போட்ட சரிவுப் பாதை, இப்போது நேராகத் தண்ணீருக்குள் போய் மறைகிறது. அதன் வழியாக என் டிரைவர் சின்னப்பா டிராக்டரைப் பின்னால் எடுத்து, டிரெய்லரைத் தண்ணீருக்குள் முழுக்க இறக்கியிருந்தான். டிராக்டரின் பின்சக்கரம் தண்ணீர் ஓரத்தில் நின்றது. சுண்ணாம்பு மண் நனைந்தால் வெண்ணெய் மாதிரி வழுக்கும். கேப்டன் சார் படகுக்குள் நின்றிருந்தார். பாய்மரக் கம்பத்தைக் கழற்றிப் படகின்மேல் நீளவாக்கில் கட்டியிருந்தார். அது பின்பக்கம் வாலாக நீட்டிக்கொண்டிருந்தது.

வாத்தியார் குடையை விரித்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி பெரியநாயகி அம்மா, உயரமும் கனமுமான ஆள், பட்டுச் சேலையில் பேசாமல் நின்றார். வந்ததிலிருந்து என்னிடம் நாலு வார்த்தைகூடப் பேசவில்லை. கூப்பிடும்போதும் ‘இவங்க’, ‘அவங்க’ என்று பொதுவாகத்தான்.

படகில் கட்டிய கயிற்றை இழுக்க, முன்கம்பத்தில் இருந்த வின்ச்சின் கைப்பிடியைச் சுற்றினேன். படகு மிதந்து வந்து டிரெய்லருக்குள் நுழைந்தது. எவ்வளவு லேசாக வந்தது தெரியுமா! வாத்தியாரைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தேன். அந்த நேரத்தில் படகு ‘நற’ என்று நின்றது. முன்கம்பத்துக்கும் படகின் மூக்குக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கலாம், அவ்வளவு இடைவெளி. நான் அழகு பார்த்து இறுக்கி வைத்த கட்டைகள், படகு பாதி வரும்போதே அதன் இடுப்பைப் பிடித்துக்கொண்டன.

“கட்டையெல்லாம் தள்ளி வைக்கலையா?” என்று கேப்டன் சார் படகுக்குள்ளிருந்து கத்தினார். “இது முன்னால வந்தே ஆகணும். கட்டையை லூஸ் பண்ணுங்க!”

கட்டைகள் இப்போது தண்ணீருக்கு அடியில். லூஸ் பண்ண வேண்டுமென்றால் நான் வேட்டியை அவிழ்த்துவிட்டு, சம்பந்தி ஆகப்போகிறவர்கள் முன்னால் டவுசரோடு முங்க வேண்டும். அதற்கு முன் ‘தப்பு என்னுடையது’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டில் எது கஷ்டம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

“போதும் சார், கச்சிதமா உக்காந்துடுச்சு!” என்றேன்.

அப்போதுதான் பெரியநாயகி அம்மா வாயைத் திறந்தார். “பின்பாரமால்ல இருக்குது?”

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரியும். பாரத்தை முன்னால் தள்ளி ஏற்றினால் நுகத்தடி மாட்டின் கழுத்தில் அமுங்கி உட்காரும். பின்னால் ஏற்றிவிட்டால் வண்டி குடை சாய்ந்து, நுகத்தடி மேலே எழும்பி, மாட்டின் கழுத்தைத் தூக்கிவிடும். பத்து வயதில் நான் முதலில் கற்றுக்கொண்ட பாடமே அதுதான். அந்த அம்மா வேப்பந்தட்டையில் பருத்தியும் சோளமும் வண்டி ஏற்றி வளர்ந்தவர். நானோ வளர்ந்து கிரேன் வாங்கிவிட்டவன்.

“அது மாட்டு வண்டிங்கம்மா. இது வேற” என்று சொல்லிவிட்டு, “சின்னப்பா, எடு!” என்று கையைக் காட்டினேன்.

“வேண்டாம்! வேண்டாம்!” என்றார் கேப்டன் சார்.

சின்னப்பா எடுத்தான்.

டிராக்டர் உறுமிக்கொண்டு நாலடி ஏறியது. தண்ணீருக்குள் இருக்கும்வரை படகு மிதந்துகொண்டிருந்தது, எடை தெரியவில்லை. மேலே வர வர அந்த எடை மொத்தமும் டிரெய்லரின் பின்பக்கத்தில் இறங்கியது. இறங்கியதும் டிரெய்லரின் முன்சட்டம், கொக்கி மாட்டியிருந்த அந்த மூக்கு, மெல்ல மேலே எழும்பியது. கொக்கியோடு சேர்த்து டிராக்டரின் பின்பக்கத்தையும் தூக்கியது. நான் என் கண்ணால் பார்த்தேன்: பெரிய சக்கரம் இரண்டும் தரையிலிருந்து நாலு விரல்கடை உயர்ந்து, காற்றில் வெறுமனே சுற்றின.

அப்புறம் எல்லாம் சேர்ந்து பின்னால் வழுக்கத் தொடங்கியது.

“அண்ணே! பிரேக்கு பிடிக்கலண்ணே!” சின்னப்பாவின் குரல் உடைந்தது.

எப்படிப் பிடிக்கும்? டிராக்டருக்குப் பிரேக் இருப்பது பின்சக்கரத்தில் மட்டும்தான். அது ஆகாயத்தில் இருக்கிறது. சரிவின் முடிவில் பாதை சட்டென்று அறுந்து, குவாரியின் ஆழம் தொடங்குகிறது. டிராக்டரில் சின்னப்பா. அவனுக்கு இரண்டு பிள்ளைகள். படகில் கேப்டன் சார். அவர் ஒன்றும் கத்தாமல் படகின் மூக்குப் பக்கம் தவழ்ந்து வந்து குப்புறப் படுத்தார். தன் எடையை முன்னால் கொண்டுவருகிறார் என்று எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது.

புரிந்ததும் ஓடிப்போய் டிரெய்லரின் முன்சட்டத்தில் ஏறி நின்றேன். அது அசையவே இல்லை. (என் கனமெல்லாம் வாயில்தான் என்பது அன்றைக்குத்தான் ஊர்ஜிதமானது.) “ஆள் ஏறுங்க! யாராச்சும் ஏறுங்க!” என்று அலறினேன். வாத்தியார் செருப்பு ஒரு பக்கம் தெறிக்க ஓடிவந்து என் பக்கத்தில் ஏறினார். குடையை மடக்க மறந்துவிட்டார். சட்டம் கொஞ்சம் தாழ்ந்தது. ஆனால் வழுக்கல் நிற்கவில்லை. சட்டத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண்தான் மிச்சம்.

பெரியநாயகி அம்மா அவசரப்படவில்லை. சேலையைத் தூக்கிச் செருகினார். கொக்கிக்குப் பக்கத்தில் கால் வைத்து, என் தோளை ஒரு பிடி பிடித்து ஏறி நின்றார்.

தொப்பென்று சக்கரம் இரண்டும் தரையில் உட்கார்ந்தன. சின்னப்பா மிதித்த பிரேக் கவ்வியது. எல்லாம் நின்றது.

தண்ணீர் டிரெய்லரில் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“இதுக்கு முன்னாடி படகு ஏத்தியிருக்கீங்களா?” என்று கேட்டார் பெரியநாயகி அம்மா. என் காதுக்குப் பக்கத்திலேயே.

நான் அந்த யானையைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தேன்.

“அண்ணே, கேக்கறேன்ல?”

“இல்லைங்க” என்றேன். “ஒண்ணுகூட இல்லைங்க. எனக்குத் தெரியாதுங்க.”

“அப்ப அந்த சார் சொல்றதைக் கேளுங்க.”

படகின் மூக்கில் படுத்தபடியே கேப்டன் சார் சொன்னார்: “யாரும் இறங்கக் கூடாது. ஒருத்தர் இறங்கினாலும் மறுபடி தூக்கிடும். டிரைவர், பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு, பின்னாலயே இறக்கு. படகு திரும்ப மிதக்கட்டும். மிதந்தா எடை போயிடும்.”

பின்னால் என்றால், எந்தத் தண்ணீருக்குப் பயந்தோமோ அதே தண்ணீருக்குள்.

சின்னப்பா முருகா முருகா என்று முனகிக்கொண்டே விட்டான். ஒரு சாண் இறங்கும், நிற்கும். ஒரு சாண், நிற்கும். தண்ணீர் எங்கள் காலைத் தொட்டது. கணுக்கால் ஏறியது. அந்த நேரம் பார்த்து என் சட்டைப் பையில் செல்போன் அடித்தது.

“எடுங்க, வீட்ல தேடுவாங்க” என்றார் வாத்தியார், குடைக்குக் கீழே நடுங்கிக்கொண்டு.

மலர்க்கொடி. “அப்பா, ரொம்பப் பேசாம இருக்கீங்கள்ல?”

“பேசவே இல்லம்மா.”

“அவங்க எப்படி இருக்காங்க?”

“ரெண்டு பேரும் என் பக்கத்துலதாம்மா நிக்கிறாங்க. ரொம்ப நெருக்கமாத்தான் இருக்கோம்.”

வைத்துவிட்டேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. பட்டுச் சேலையின் கரை பச்சைத் தண்ணீரில் விரிந்து மிதந்தது. பெரியநாயகி அம்மா குனிந்து அதைப் பார்த்தார்.

“அண்ணே, நான் எறங்கட்டுமா?”

“வேண்டாம் தங்கச்சி! எறங்கிடாதீங்க தங்கச்சி!” என்று நான் கத்தியது குவாரியின் நாலு சுவரிலும் மோதி மோதித் திரும்பி வந்தது.

அந்த எதிரொலி அடங்கும்போது படகு ஒரு முறை அசைந்தது. மிதந்தது. எங்கள் காலுக்கடியில் சட்டம் சட்டென்று பாரம் விட்டுத் தணிந்தது. கேப்டன் சார் எழுந்து உட்கார்ந்து, “இப்ப இறங்கலாம்” என்றார்.

நான் வேட்டியை அவிழ்த்து வாத்தியார் கையில் கொடுத்தேன். ஸ்பானரோடு முங்கினேன். இரண்டு பக்கமும் மாறி மாறி, நாலு முறை. பச்சைத் தண்ணீருக்குள் கண் தெரியவில்லை. கை நீட்டித் துழாவியபோது அந்த இரும்புத் துடுப்பு தட்டுப்பட்டது. சில்லென்று, என் உயரத்துக்கு முக்கால்வாசி. அதைப் பற்றித்தான் அந்த மனிதர் அன்றைக்கு எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

கட்டைகள் விலகியதும் வின்ச்சைச் சுற்றினேன். படகு தானாக நகர்ந்து வந்து முன்கம்பத்தில் ‘டொக்’ என்று முட்டியது. அந்த டொக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சின்னப்பா இழுத்தான். இந்த முறை முன்சட்டம் அமுங்கி, டிராக்டரின் பின்சக்கரத்தை மண்ணில் வைத்து அழுத்தியது. முன்பாரம். மாடு கழுத்தைக் கொடுத்து இழுப்பது போல டிராக்டர் மேலேறியது.

மேட்டுக்கு வந்த பிறகு கேப்டன் சார் ஸ்பானரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கட்டைகளை அவரே திருகி, படகைத் தொட்டதும் நிறுத்தினார். தொட்டதோடு சரி. படகின் இரண்டு பக்கமும், என் கட்டை கவ்விய இடத்தில், எலுமிச்சம்பழ அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அவர் அதைக் கையால் தடவினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு வீட்டில் சோறு இறங்கியிருக்கும்.

என் ஜீப்பில் மூன்று பேரும் சொட்டச் சொட்ட உட்கார்ந்து வந்தோம். வீட்டு வாசலில் மலர்க்கொடி எங்களைப் பார்த்ததும் தூணைப் பிடித்துக்கொண்டாள். என் மனைவி பெரியநாயகி அம்மாவை உள்ளே கூட்டிப்போய் மாற்றுச் சேலை கொடுத்தாள். வாத்தியார் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே தொண்டையைக் கனைத்தார்.

“நாங்க போயி, யோசிச்சு சொல்றோங்க.”

அந்த வார்த்தையை நான் மூன்றாவது முறையாகக் கேட்டேன். மலர்க்கொடி என்னைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்தாள். பேசக் கூடாது என்று சத்தியம் செய்தவன், பேச வேண்டிய நேரத்தில் வாயில் ஒன்றும் வராமல் நின்றேன்.

என் மனைவியின் சேலையைக் கட்டிக்கொண்டு, பட்டுச் சேலையைக் கையில் பிழிந்தபடி வெளியே வந்தார் பெரியநாயகி அம்மா. “இதுல யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? அவரைத்தான் அண்ணேன்னு கூப்பிட்டுட்டேனே.”

வாத்தியார் விழித்தார். “எப்பக் கூப்பிட்ட?”

“தண்ணிக்குள்ள நிக்கிறப்ப. நீங்கதான் குடையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தீங்களே.”

எங்கள் பக்கம் பையனைப் பெற்றவள் பெண்ணைப் பெற்றவனை அண்ணே என்று கூப்பிட்டுவிட்டால், அதற்குப் பிறகு தாம்பூலம் மாற்றுவதெல்லாம் சம்பிரதாயம்தான். கூப்பிட்டதைத் திரும்ப வாங்க முடியாது. மலர்க்கொடி அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. ஈரத் தலையோடு நின்ற என்னைத் தாண்டிப்போய் அத்தையின் கையிலிருந்த சேலையை வாங்கிக் கொடியில் காயப்போட்டாள்.

அதற்கப்புறம் நான் எத்தனையோ சரக்கு ஏற்றிவிட்டேன். ஆனால் ஒரு விசேஷத்தில்கூட என்னால் நிம்மதியாகப் பெருமை பேச முடிந்ததில்லை. நான் கொஞ்சம் சுருதி ஏற்றியதும், கூட்டத்தில் எங்கிருந்தாவது தங்கச்சியின் குரல் வரும்: “அண்ணே, நான் எறங்கட்டுமா?” வீடே சிரிக்கும். என் பேரன்களும் இதைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். (சின்னப்பா முதலாளி என்றுகூடப் பார்க்காமல் கேட்கிறான்.)

போன மாதம் ஒரு காதுகுத்து. புதிதாகச் சம்பந்தம் ஆனவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் யானையைப் பற்றி ஆரம்பித்தேன். காய்ச்சல் கண்ட யானை, பலகை போட்டு, தும்பிக்கையைத் தடவிக் கொடுத்து, லாரியில் முன்னங்கால் இரண்டையும் வைக்கப் பழக்கி... எல்லாரும் வாய் பிளந்து கேட்டார்கள். பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து “அண்ணே” என்று ஒரே ஒரு வார்த்தை வந்தது.

யானையைப் பாதி லாரியிலேயே விட்டுவிட்டு, சாப்பிட எழுந்தேன்.